பூட்டிய விடுதியில் காய்ச்சிய பால்

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் பின்புறம் மூன்று மாடி மாணவியர் விடுதி ஒன்று பூட்டிக் கிடந்தது. பழுதுபார்க்கப் போகிறோம் என்று சொல்லிப் பூட்டினார்கள். நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோதும் அதையே சொன்னார்கள், ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயிலும் அதையேதான் சொன்னார்கள். மொட்டைமாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து மரமாகிக்கொண்டிருந்தது. புறாக்களுக்கு மட்டும் அங்கே வாடகை இல்லாமல் இடம் கிடைத்தது.

அதைத் தாண்டித்தான் தினமும் துறைக்குப் போவோம், நானும் என் அறையில் ஒட்டிக்கொண்டிருந்த எம்.ஏ. முதலாண்டுப் பெண்ணும். அவளுக்குப் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். வளாகத்தின் மற்ற விடுதிகளில் இடம் கிடைக்காததால், தி. நகரில் நான் இருந்த மகளிர் இல்லத்தில் அவளை விருந்தாளி என்று சொல்லி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் தங்கும் விருந்தாளியை எந்த வார்டன் நம்புவார்? இந்த மாதக் கடைசியோடு அவள் கிளம்பியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளுடைய அப்பாவும் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: அதற்குள் தங்க இடம் கிடைத்தால் படிக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்கு வந்துவிட வேண்டும்.

வீடு தேடி அலைந்தோம். மயிலாப்பூரில் ஒரு மாமி உட்காரவைத்துக் காபி கொடுத்தார். மாடி போர்ஷன் காலியாகத்தான் இருந்தது. எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், சமையலில் முட்டை உண்டா என்று படிப்படியாகக் கேட்டு முடித்துவிட்டு, "தப்பா நெனச்சுக்காதேங்கோ, எங்காத்துல ஃபேமிலிக்குத்தான் விடறதுன்னு வெச்சிண்டிருக்கோம்" என்றார். கே.கே. நகரில் காபி இல்லை, பதில் மட்டும் அதேதான். அசோக் நகரில் கேட்ட அட்வான்ஸைச் சொன்னால் அவள் அப்பா மயங்கி விழுந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவுக்குத் தெரு ‘டு லெட்’ பலகை தொங்குகிற ஊரில் இரண்டு பெண்கள் நாய் மாதிரி அலைந்தோம்.

ஆகவே, அந்தப் பூட்டிய விடுதியைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுத்து அலுத்துப்போன மாணவர்கள் அதற்குள் போய் உட்கார்ந்துவிடலாம் என்று முடிவெடுத்தபோது முதலில் கை தூக்கியவள் நான்தான். ஒரு காலையில் பின்பக்கக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனோம். புறா எச்சத்தைச் சுரண்டி, ஒட்டடை அடித்து, பாய் விரித்தோம். வாசலில் பேனர் கட்டினோம்.

அதற்குள் என் அறைப் பெண்ணைக் காணோம். திரும்பி வந்தபோது ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் கேன்டீன் அக்காவிடம் இரவல் வாங்கிய சின்ன கேஸ் அடுப்பு. பால் காய்ச்சாமல் ஒரு வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று கேட்டாள். இது போராட்டம், புதுமனை புகுவிழா இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. எங்களுக்குத் தலைமை தாங்கிய பையன்கள் வாயைத் திறந்தால் புரட்சிதான் பேசுவார்கள். அவர்களும் பால் எந்தத் திசையில் பொங்கி வழிகிறது என்று எட்டிப் பார்த்தார்கள். வாடகை வீடானாலும் பால் காய்ச்சாமல் தட்டுமுட்டுச் சாமானை இறக்காத ஜனம் அல்லவா. கிழக்கே வழிந்தது. எல்லோரும் கைதட்டினோம். யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பொங்குகிற பாலுக்குப் பின்னால் அவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

வாட்ச்மேனும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். "இன்னாமா, பாலெல்லாம் காச்சிக்கினு கீறீங்க, நெசமாவே குடி வந்துட்டீங்களா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டு கேட்டதையே நிர்வாகம் சிரிக்காமல் கேட்டது. மறுநாள் பேச வந்த அதிகாரி முதலில் நீட்டியது அந்தப் படத்தைத்தான். போராட்டம் என்றால் பேசலாம், பால் காய்ச்சிக் குடியேறினால் அது ஆக்கிரமிப்பு, நாளை மதியத்துக்குள் காலி செய்யாவிட்டால் போலீஸ் வரும் என்றார். எங்கள் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் அடுப்பைத் துடைத்துக் கேன்டீனில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை, அவளைத் தேடி ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். போலீஸோ என்று பயந்து நானும் கூடவே போனேன். கேட்டருகே அவளுடைய அப்பா நின்றிருந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் பளபளவென்று புது எவர்சில்வர் குடம். குடத்துக்குள் அரிசியும் மஞ்சளும் ஒரு பொட்டலம் உப்பும் இருந்தன. அந்தப் படம் சுற்றிச் சுற்றி அவர் ஊர்வரை போயிருக்கிறது. மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, பாலும் காய்ச்சிவிட்டாள் என்று நினைத்துப் பஸ் ஏறிவிட்டார். பால் காய்ச்சிய வீட்டுக்கு வெறுங்கையோடு வர மனம் வருமா?

அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கேட்கக் கேட்கத்தான் போயிற்று. விடுதியை அண்ணாந்து, வரிசையாகச் சாத்திக் கிடந்த ஜன்னல்களைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசு சும்மாதான கெடக்கு. இதுல ஒரு ரூம்பு குடுக்க மாட்டாகளா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மூத்தவள், ஆராய்ச்சி செய்கிறவள், காரணம் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, யாரையாவது அறைய வேண்டும் போலவும் இருந்தது.

போலீஸ் வருவதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது குடத்தை என் கையில் கொடுத்தார். "குடுக்கணும்னு கொண்டாந்தத திருப்பிக் கொண்டுபோகக் கூடாதுத்தா. ஒங்கள்ல ஆருக்கு மொதல்ல எடம் கெடைக்குதோ, அவுக வச்சுக்கட்டும்."

அன்று மதியம் எங்களை வெளியேற்றிப் பூட்டிய விடுதி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. குடம் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. போன வாரம் அவள் போன் செய்தாள். குடத்தை யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்டாள். என்னிடம்தான் இருக்கிறது என்றேன்.



"அப்ப ஆருக்குமே கெடைக்கலையாக்கா?" என்றாள்.