கரைப் பக்கத்து முட்டைகள்

கண்ணாடியக்காவுக்குப் பொறாமை என்கிற வியாதி நாற்பத்தொன்பதாவது வயதில்தான் வந்தது. அதுவரை சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, பொறாமையும் கிடையாது. பொறாமைப்படும் அளவுக்கு யாரும் அவள் கண்ணில் பட்டதில்லை, அவ்வளவுதான்.

கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். கடைசி வரி தெரியாமலே தெரிந்த மாதிரி படிக்கிற ஆட்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, இதென்ன பரீட்சையா?" என்று வயசானவர்களையும் அதட்டுவாள். அவள் கண் மட்டும் கண்ணாடி கேட்கவில்லை. ஐம்பதடி தூரத்தில் இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும் பச்சோந்தியைக் காட்டி, "அதோ, கழுத்தைத் திருப்புது பாருங்க" என்பாள். மற்றவர்கள் அரைமணி நேரம் தேடுவார்கள்.

பச்சோந்தி எங்கே வந்தது என்றால், குட்டைக்கு. அவள் வீட்டுப் பின்பக்கத் தெருவைத் தாண்டினால் பழைய செங்கல் சூளை. மண் எடுத்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி, நாணல் முளைத்து, பறவை வந்து, யாரும் கேட்காமலே அது ஒரு காடாகிவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் லாரி லாரியாகக் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து அதைத் தூர்க்கப் பார்த்தார்கள். தெருக்காரர்கள் போய் லாரிக்கு முன்னால் நின்றார்கள். முதலில் நின்றது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். கண்ணாடியக்கா சொல்லும் பதில் உங்களுக்கே தெரியும். மனு மேல் மனு போட்டு, கடைசியில் நகராட்சி இறங்கி வந்தது. "நீங்களே பாத்துக்கங்க, பிள்ளைங்க வந்து கத்துக்கிற இடமா வைங்க" என்று எழுதிக் கொடுத்தது. வேலி போட்டது தெரு. நாற்று நட்டது தெரு. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, சுவரே இல்லாமல் ஒரு கூரை எழும்பிக்கொண்டிருப்பதும் தெருவின் உழைப்பில்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கண்ணாடியக்கா முன்னால் நடந்து, இது நாமக்கோழி, இது இத்தனை முட்டை இடும், இத்தனை நாள் அடைகாக்கும் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவாள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கொட்டாவி விட்டால் என்ன? வேறு ஆள் கிடையாதே. ஒன்பது வருடம் அப்படித்தான் ராஜ்ஜியம் நடந்தது.

பிறகுதான் ஓரகத்தி வந்தாள். கொழுந்தனுக்கு வேலை மாற்றலாகி, அவர்கள் குடும்பம் மேல் மாடிக்குக் குடிவந்தது. அவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் பெயரும், அவர்கள் எந்தப் படியில் தடுக்கி விழுவார்கள் என்பதும் அவளுக்கு அத்துப்படி. "சும்மாதானே இருக்கேன், நானும் வரேன்க்கா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டைக்கு வந்தாள். கண்ணாடியக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் அவளுக்கு வயிறு எரியும்.

வேன்காரிக்கு ஒரு பறவை பெயரும் தெரியாது. கொக்கைக் காட்டி நாரை என்பாள். ஒரு பிள்ளை ஏதாவது கேட்டால் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அய்யய்யோ, எனக்குத் தெரியலையே! நீ என்ன நினைக்கிற?" என்பாள். அவ்வளவுதான். பிள்ளைகள் அவளை மொய்த்துக்கொள்ளும். ஒரே வருடத்தில் பள்ளிக்கூடங்கள், "வேன் அக்கா கூட்டிட்டுப் போற வாரம் எது?" என்று கேட்டுத் தேதி வாங்க ஆரம்பித்தன. முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு உசத்தி என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது கணவர், "என் தம்பி பொண்டாட்டி இருக்காளே, குட்டைக்கே ஒரு களை வந்துடுச்சு" என்றார்.

"அப்ப இத்தனை வருஷம் குட்டை இழவு வீடாவா இருந்துச்சு?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலை. உங்க மூஞ்சி சொல்லுது."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். விவரமான மனுஷர்.

பிள்ளைகள் கூட்டம் பெருகிய பிறகு குட்டையில் ஒரு முறை வந்தது. மொத்த இடத்தையும் நாலு பாத்தியாகப் பிரித்து, நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள். ஒண்ணாம் தேதி வந்தால் பாத்தி கைமாறும். அந்தந்தப் பாத்தியில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் உரிமை அந்த மாதம் அதைப் பார்த்துக்கொள்கிறவருடையது. இன்னொரு முறையும் உண்டு. யாராவது தரையில் கூட்டைப் பார்த்தால், அந்த நிமிடமே சுற்றி நாலு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். கண்டது யாராக இருந்தாலும் சரி, குச்சி முதலில், பேச்சு அப்புறம்.

அந்த மாதம் கண்ணாடியக்காவுக்குப் பின்சுவர்ப் பாத்தி. அங்கே எறும்பைத் தவிர ஒன்றும் கிடையாது. குட்டைக்கரை வேன்காரியிடம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைக்குப் போகிற வழியில் கண்ணாடியக்கா கரைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தது. அது யாரைப் பார்த்தாலும் கத்தும், யாரும் கண்டுகொள்வதில்லை. அவள் மட்டும் நின்று தரையைப் பார்த்தாள். பொடிக்கல் பரப்பில் நாலு முட்டை. கல் நிறம், கல் மாதிரியே புள்ளி. வேறு யாராவது என்றால் மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஆள்காட்டி அங்கே முட்டையிட்டு யாரும் பார்த்ததில்லை.

பையில் குச்சியும் சிவப்புத் துணியும் எப்போதும் இருக்கும். வெளியே எடுத்தாள். முதல் குச்சியை நடக் குனிந்தவளுக்குக் கண்முன்னால் அந்தக் காட்சி வந்தது: வேன்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அய்யய்யோ, இது என்ன முட்டைன்னு எனக்குத் தெரியலையே!" என்கிறாள், சுற்றிலும் நாற்பது பிள்ளைகள்.

'கண்டுபிடிச்சது நான், காட்டுறது அவளா?'

குச்சியைத் திரும்பப் பையில் போட்டாள். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள். அன்றைக்குக் கரை தன் கைக்கு வந்துவிடும். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம்.

தினமும் காலையில் தூர நின்று எண்ணிவிட்டுப் போவாள். நாலும் இருக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை வேன்காரி பிள்ளைகளோடு கரைப் பக்கம் திரும்பியபோது இவளுக்கு உயிரே இல்லை. ஆனால் அவள் கூட்டுக்கு இருபதடி முன்னாலேயே பிள்ளைகளைத் திருப்பி நாணல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. முட்டை பிழைத்ததில் கண்ணாடியக்காவுக்குச் சந்தோஷம்தான். கூடவே, 'தன்னோட பாத்தியை முழுசாச் சுத்திப் பாக்கக்கூடத் துப்பில்லை' என்று ஓர் இளக்காரமும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பாதை போடும் நாள். வாசலிலிருந்து புதுக் கூரைவரை சரளைக்கல் கொட்டிப் பாதை போட வேண்டும், முடிந்தவர்கள் வாருங்கள் என்று தபால்காரர் வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அவர்தான் குட்டைக்கு எல்லாம். அறுபது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கொத்தனார்கள் தள்ளுவண்டிகளோடு வந்தார்கள். ஒரு வீட்டார் குழந்தை வண்டியில் கல்லை அள்ளிப் போட்டுத் தள்ளினார்கள். வராதவர்களை அழைத்துவர வேன்காரி வேனை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். வேன் வரும்போதெல்லாம் கைதட்டல். கண்ணாடியக்காவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் வேலை. எழுபது டம்ளர் கழுவியவளுக்கு யாரும் கைதட்டவில்லை.

ஆள் கூடியதால் பத்தரை மணிக்கே பாதை முடிந்துவிட்டது. அரை லாரிக் கல் மிச்சம். கூட்டத்துக்கோ இன்னும் கை அரிப்பு அடங்கவில்லை.

"மிச்சத்தைக் கரைப்பக்கம் கொட்டிடுவோம்! அங்கதான் மழைக்காலத்துல வழுக்குது!" என்று தபால்காரர் கத்தினார். "ஓ!" என்று கூட்டம் திரும்பியது.

கண்ணாடியக்கா டம்ளரும் கையுமாக நின்றாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் குரல் கொடுத்தால், கூடு இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். எத்தனை நாளாகத் தெரியும் என்பார்கள். முதல் வண்டிக் கல் கூட்டுக்கு வெகு தூரத்தில் விழுந்தது. 'அதோட நிறுத்திடுவாங்க' என்று பார்த்தாள். இரண்டாவது வண்டி இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் விழுந்தது. ஆள்காட்டி தலைக்கு மேல் கதறியது. மூன்றாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது அவள் கணவர்.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். "நிறுத்துங்க! கொட்டாதீங்க! ஏங்க, நிறுத்துங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் நிறுத்தச் சொன்ன எதையும் அந்த மனுஷர் நிறுத்தியதில்லை. கொட்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

அவள் முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் கல்லை வாரினாள். நகம் பெயர்ந்தது. குவியலின் ஓரமாக இருந்ததால் மூன்று முட்டைகள் தப்பிவிட்டன. நாலாவது உடைந்திருந்தது. உள்ளே மஞ்சள் கருவாக இல்லை. ஈரமான தலையும் மூடிய கண்ணுமாக ஒரு குஞ்சு.

கூட்டம் சுற்றி நின்றது. தபால்காரர் மூச்சிரைக்க வந்து எட்டிப் பார்த்தார்.

"அடடா! ஆள்காட்டி முட்டையா? நல்லவேளை, நீங்க பாத்தீங்க! நாங்க இருநூறு பேரு இருக்கோம், ஒருத்தர் கண்ணுக்கும் படலையே. அங்கேர்ந்து எப்படித்தான் பாத்தீங்களோ? கண்ணுன்னா இது கண்ணு!"

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மூன்று வருடமாக அவள் ஏங்கியது இந்தச் சத்தத்துக்குத்தான். பேசாமல் எழுந்து நின்றால் போதும், அத்தனையும் அவளுக்கே. எழுந்திருக்கப் பார்த்தாள். உள்ளங்கையில் இருந்த குஞ்சின் அலகு ஒரு தரம் திறந்து மூடியது. பிறகு அசையவில்லை.

"கை தட்டாதீங்க" என்றாள். "இப்பப் பாக்கலை. பதினாறு நாளா எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் குச்சி நடலை?" தபால்காரருக்குப் புரியவில்லை.

"நட்டா அவ காட்டுவா. ஒண்ணாம் தேதி வந்தா நான் காட்டலாமேன்னு விட்டுட்டேன். அவமேல எனக்குப் பொறாமை. போதுமா? இந்தக் குஞ்சைக் கொன்னது அவர் கொட்டுன கல்லு இல்லை, நான்தான்."

திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. செய்ததைச் சொல்லியாயிற்று, இனி வருவது வரட்டும் என்று நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேன் சாவி கையிலேயே இருக்க, ஓரகத்தி வந்தாள். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் தெரியும்க்கா" என்றாள். "தினம் காலையில நீங்க கரையில வந்து நிக்கறதை மாடியிலேர்ந்து பாப்பேன். என்னதான் இருக்குன்னு ஒருநாள் வந்து பாத்தேன், முட்டை இருந்துச்சு. இது உங்க முட்டை, உங்க முறை வந்ததும் நீங்களே காட்டட்டும்னு பிள்ளைங்களை வேற பக்கமா கூட்டிட்டுப் போனேன். நானும் குச்சி நடலை. பாதித் தப்பு என்னோடது."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "என்ன மனசு பாரேன்!" என்றாள் யாரோ ஒருத்தி. குழந்தை வண்டிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன்காரியின் தோளைத் தட்டினார். பிறகுதான் நினைவு வந்தவர்போல, தாய்ப்பறவை திரும்பி வர வேண்டும், எல்லோரும் விலகுங்கள் என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

கரையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வேன்காரி குச்சிகளைப் பிடிக்க, கண்ணாடியக்கா கல்லால் அடித்து இறக்கினாள். நாலாவது குச்சியில் துணி கட்டும்போது பெயர்ந்த நகத்தோடு முடிச்சு விழவில்லை. வேன்காரி தானே கட்டப்போனாள். கண்ணாடியக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏன்டி," என்றாள், கண்ணில் நீர் வழிய. "இந்தத் தப்பையாவது முழுசா என்கிட்ட விடமாட்டியா?"