நடை வேகத்தில் கிரிவலம்

என் கணவர் கிரிவலம் போவார். காரில். முழங்கால் வலியாம். கல்யாண மண்டபத்தில் பந்தி மாடியில் என்றால் முதல் ஆளாக ஏறிப் போகிற முழங்கால் அது.

காரில் போவதைக்கூட மன்னிக்கலாம். நடந்த கணக்கில் சேரவேண்டும் என்று நடை வேகத்திலேயே போவார். முதல் கியர், கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஏசி குளிர, மலையைச் சுற்றி ஊர்வலம். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். "வேகமாப் போனா அது ரவுண்டு. மெதுவாப் போனாதான் வலம்" என்று எனக்கு உபதேசம் வேறு. வாராவாரம் இந்தக் கூத்து.

ஒழுங்காக ஓட்டினால் கிளட்ச் பல வருஷம் உழைக்கும். பாதி மிதித்தபடியே ஓட்டினால் உள்ளே தட்டு உரசி உரசித் தேயும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். முதலில் கரிந்த வாடை வந்தது. பிறகு ஏற்றத்தில் இஞ்சின் உறுமியது, வண்டி நகர யோசித்தது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிளேட்டு போயிடுச்சுங்க. மாத்தாம வெளியூர் எடுக்காதீங்க" என்றார்.

"ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும்னு போட்டிருக்கான். நம்ம வண்டி அதுல பாதிகூட ஓடல" என்றார் இவர். எங்கே போட்டிருக்கிறான் என்றால், செல்போனில்.

அடுத்த வாரம் என் அப்பாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை; மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். காலையிலேயே போய்ச் சேரவேண்டும், தவறினால் அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் போகலாம் என்றேன். "மாமாவ பஸ்ல அனுப்பறதா? ஊர்ல என்னா பேசுவாங்க?" என்று கௌரவம் பார்த்தார்.

அதே கிளட்சோடு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு காரில் கிளம்பினோம். போளூர் தாண்டி ஒரு பாலத்து ஏற்றம். இஞ்சின் கத்தியது, வண்டி நின்று, பின்னால் சரிந்தது. ஹேண்ட்பிரேக்கை நான்தான் இழுத்தேன். இவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இறங்கி ரோட்டில் நின்று கையை ஆட்ட, நிறுத்தமே இல்லாத அந்த இடத்தில் ஒரு வேலூர் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, அப்பாவைக் கைப்பிடித்து ஏற்றி, தன் சீட்டிலேயே உட்காரவைத்தார். காரோடு இவரை அங்கேயே விட்டுவிட்டு நானும் ஏறினேன்.

நேரத்துக்குப் போய்விட்டோம். ஆபரேஷனும் முடிந்தது. சாயங்காலம் எப்படியோ வந்து சேர்ந்த இவர், கட்டிலருகே நின்று கைகூப்பினார். "பாத்தீங்களா மாமா? நான் சுத்தினது வீண் போவல. அண்ணாமலையார்தான் அந்த பஸ்ஸ அனுப்பிச்சாரு."

மாப்பிள்ளையை இதுவரை ஒரு வார்த்தை சொல்லாதவர் என் அப்பா. கட்டுப் போட்ட கண்ணோடு, குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸ அவரு அனுப்பிச்சாரு, சரி. அந்தக் கார யாருங்க மாப்ள அனுப்பிச்சது?"