கொழும்புத்துறையில் ஒரு மறதிக்காரப் பெட்டி

அந்தக் கணினியைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே நான் வெறுத்துவிட்டேன். கண்ட பிறகும் அந்த வெறுப்பு பெரிதாகக் குறையவில்லை.

உடுவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் எங்கள் கடை. நானும் என் கணவரும் கணினி திருத்துகிறோம். வேலையை நாங்கள் உட்கார்ந்து பேசிப் பங்கு பிரித்ததில்லை. அது தானாகவே பிரிந்தது. அவருடைய விரல்கள் கதலிப் பழம் மாதிரித் தடித்தவை. அதனால் திரையில் நடப்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. ஊசி போன்ற பின்கள், ஜம்பர், மெல்லிய வயர், ஈயம் வைத்துச் சொல்டர் பண்ணுவது எல்லாம் என்னுடையவை. பேசிச் செய்த கலியாணம் எங்களுடையது. புதிதில் என்னோடு என்ன கதைப்பதென்று தெரியாமல் அவர் எனக்கு ஜம்பர் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினார். இரண்டு பின்களைச் சேர்த்து மூடும் சின்னஞ்சிறு தொப்பி அது, உழுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. எங்கள் காதல் அங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் என் தங்கைமார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேலை மேசையில் அவருக்கு வலப்பக்கத்துக் கதிரை அன்றிலிருந்து என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நவராத்திரி முடிந்த கையோடு கொழும்புத்துறையிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். சுவிஸில் பல காலம் இருந்துவிட்டு, தாய் தகப்பனின் வீட்டைத் திருத்திக்கொண்டு வந்து குடியேறியிருக்கிறாள். வீணைக்காரி. அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், தான் வாசித்ததையும் அவர்களுக்காக அமைத்ததையும் ஒரு பழைய கணினியில்தான் சேர்த்து வைத்திருந்தாள். வந்த இடத்தில் அது எழும்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரும் கண்டிராத சாதிக் கணினி அது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இசைக்காரர்கள் மட்டும் தேடி வாங்கியது. செய்த கொம்பனி எப்போதோ மூடிப்போய்விட்டது.

என் கணவர் போய்ப் பார்த்துவிட்டுத் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளையின் முகத்தோடு திரும்பினார்.

“அம்மாவாணை, உப்பிடி ஒரு சாமானை நான் வாழ்நாளிலை காணேல்லை,” என்றார். சாப்பிட்ட கை காயும்வரை அதைப் பற்றியே கதைத்தார். கணினி முழுதாக விழிப்பதற்கு முன்னர் இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்தால் ஒரு நீலத் திரை வருமாம். எந்த ஹார்ட் டிஸ்க்கை முதலில் தேடுவது, அது சுழன்று வேகம் பிடிக்கும்வரை எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்ற செற்றிங்குகள் எல்லாம் அந்தத் திரையில்தானாம். உள்ளே இரண்டு டிஸ்க். ஆளுக்கொரு இலக்கம், ஜம்பர் மாட்டித்தான் அதைக் கொடுப்பது. இலக்கம் சொல்லித்தான் கணினி அவற்றைக் கூப்பிடும். ஆனால் செற்றிங்குகளை நினைவில் வைத்திருக்கும் பற்றரி சிப் என்கிற ஒரு சில்லுக்குள்ளேயே வைத்து மூடப்பட்டது, அது செத்துவிட்டது. நிற்பாட்டினால் எல்லாம் மறந்துபோகும். அடுத்த நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“சுவிச்சு பெட்டிக்குப் பின்னாலை இருக்குது. விசை முன்னாலை. ஒரு ஆள் சுவிச்சைப் போடேக்கை மற்ற ஆள் விசையைப் பிடிக்கவேணும். தனி ஆளாலை ஏலாது.”

“அப்ப ஆர் விசையைப் பிடிச்சது?”

“அவதான். வடிவாப் பிடிக்கிறா.”

வடிவாகப் பிடிக்கிறாவாம். நான் சாப்பாட்டுக் கோப்பையைக் கொஞ்சம் பலமாகவே தூக்கினேன். அவருக்கு அது கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் நாளாந்தம் போனார். அந்தப் பெட்டி இரவெல்லாம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் காலையில் என் கணவரைக் கூப்பிட்டது. முதலில் பின்னேரங்களில் போனவர், பிறகு காலையிலேயே கிளம்பினார். ஸ்திரிக்கை போட்ட சேட். கடையில் என்னோடு நிற்கும்போது அவர் ஸ்திரிக்கை போட்ட சேட்டுடன் நின்றதை நான் கண்டதில்லை. கழுத்தில் பவுடர். திரும்பி வரும்போது வாயில் கோப்பி மணம். “சுவிஸ் கோப்பி, நல்ல சோக்காயிருக்கு,” என்று ஒரு நாள் என் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, நான் ஊற்றியதை மிச்சம் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

ஒரு நாள் சொக்லேட் பெட்டி ஒன்று வந்தது. எனக்கு என்று அவள் கொடுத்துவிட்டதாம். நான் தொடமாட்டேன் என்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த நாள் அவர் போனதும் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

“பற்றரியை மாத்தினால் என்ன?” என்று கேட்டேன்.

“கொழும்பிலை சொல்லி வைச்சிருக்கு. சில்லு வரவேணும்.”

சில்லு வரத் தேவையில்லை. மேல் மூடியைக் கொஞ்சம் அராவினால் உள்ளே இரண்டு கம்பி தெரியும். அவற்றில் ஒரு வட்டப் பற்றரியை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அது அவருக்கும் தெரியும். அந்த வேலையை யார் செய்வது என்பதும் தெரியும். “இஞ்சை கொண்டுவாங்கோவன், நான் செய்து தாறன்,” என்றேன். அவள் பெட்டியை வெளியே விடமாட்டாள் என்றார். சரி, அப்படியானால் நீரும் வாரும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுடைய வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போங்கள் என்று நானாகக் கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பது மேல் என்று இருந்தேன்.

பெட்டி இன்னும் சரிவரவில்லை. சில நாள் ஒரு டிஸ்க் தெரியும், சில நாள் இரண்டும் தெரியாது. அவர் பொறுத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், தேடும் ஒழுங்கை மாற்றிப் பார்த்தார். ஒரு பகல் சாப்பாட்டில் அதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர், பேச்சோடு பேச்சாக, “முதல் நாளே ஜம்பர் வடிவாத்தானே போட்டனான்,” என்றார்.

“ஆர் போட்டது?”

“நான்தான். அவவிட்டைச் சின்ன இடுக்கி ஒண்டு இருக்குது. அவ எடுத்துத் தந்தவ.”

சேட்டைப் பொறுத்தேன், பவுடரைப் பொறுத்தேன், கோப்பியைக்கூடப் பொறுத்தேன். இது மட்டும் என்னால் முடியவில்லை. எங்கள் கடையில் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவர் ஜம்பரைத் தொட்டதில்லை. அங்கே, அவள் இடுக்கியை நீட்ட, இவர் வாங்கிப் போட்டிருக்கிறார். அன்று இரவு அவர் வலப்பக்கம் திரும்பிப் படுத்தார், நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

காலையில் அவர் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்க, நான் கடையைப் பூட்டி, சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினேன்.

“எங்கை?” என்றார்.

“கொழும்புத்துறைக்கு.”

“அப்ப கடை?”

“கடை எங்கையும் ஓடிப்போகாது.”

அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். குற்றமுள்ள நெஞ்சு வேறு என்ன செய்யும் என்று நினைத்தேன். வழி முழுக்க அவருடைய கழுத்துப் பவுடரைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடலேரிக் காற்று நேராக வந்து புகும் வீடு. கூடத்தில் வீணை. பக்கத்தில் அந்தப் பெட்டி, விசைப்பலகையும் உடம்பும் தனித்தனியாக, மஞ்சள் படிந்த வெள்ளை நிறத்தில். மேசை முன்னால் இரண்டு கதிரைகள், நெருக்கமாக. அவள் நரைக்கு மை பூசாமல், கட்டையாக வெட்டிய தலைமயிரோடு வந்தாள். அந்த நரை அவளுக்கு எடுப்பாக இருந்தது. என்னைவிட வயதில் மூத்தவள், பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும், “வாங்கோ அக்கா,” என்றாள். அவரை அண்ணை என்று கூப்பிடுகிறாள், என்னை அக்கா என்கிறாள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேரை மூத்தவர்களாக்கித் தான் மட்டும் இளையவளாக இருந்துவிட்டாள்.

நான் யாரும் சொல்வதற்கு முன்னர் வலப்பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

“சுவிச்சைப் போடுங்கோ,” என்றேன். அவர் பின்னால் போனார். நான் விசைகளைப் பிடித்தேன். நீலத் திரை வந்தது. ஒரு டிஸ்க் தெரிந்தது. நிற்பாட்டி மீண்டும் போட்டோம். இரண்டும் தெரியவில்லை. இன்னொரு தரம் போட்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

“ரண்டும் ஒரே இலக்கத்திலை நிக்குதுகள். கூப்பிட்டால் ரண்டும் ஒண்டாய்ச் சத்தம் போடுது, இல்லாட்டி ரண்டும் பேசாமல் இருக்குது.”

“இல்லையே. ஒண்டு பூச்சியம், மற்றது ரண்டு. நான்தானே போட்டனான்.”

“அதுதான் சொல்லுறன். கழட்டுங்கோ.”

இரண்டாவது டிஸ்க் வெளியே வந்தது. மேலே பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பொட்டு ஒன்றோடு நிற்கவில்லை. நான்கு மூலையிலும் தாராளமாகச் சாத்தப்பட்டு, முதுகுப் பக்கத்து ஜம்பர் பின்களின் மேலும் வழிந்து, காய்ந்து கல்லாகியிருந்தது. அந்தச் சந்தனத்தின் மேலேதான் ஜம்பர் உட்கார்ந்திருந்தது. பார்வைக்குப் போட்டபடிதான். உள்ளே தகடு பின்னைத் தொடவேயில்லை. ஜம்பர் இல்லாத டிஸ்க் பூச்சியம் என்றுதான் தன்னைச் சொல்லும்.

அவள் கையைப் பிசைந்தாள். “கப்பல் சாமானோடை விட மனமில்லாமல் டிஸ்க் ரண்டையும் கழட்டிச் சீலைக்குள்ளை சுத்திக் கையிலை கொண்டு வந்தனான். வந்து இறங்கேக்கை நவராத்திரி. ஒண்டை என்னோடை வந்த மகளின்ரை சூட்கேசிலை இருந்து எடுக்கேல்லை. மற்றதை வீணையோடை கும்பத்தடியிலை வைச்சிட்டன். என்ரை வித்தை முழுக்க அதுக்குள்ளைதானே அக்கா.”

என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் கடையில் சரஸ்வதி பூசைக்குச் சொல்டரிங் அயனுக்கும் மீற்றருக்கும் நான்தான் பொட்டு வைக்கிறேன். ஆனால் இவர்? நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“கண்டனான்,” என்றார் மெதுவாக. “சாமிக்கு வைச்சது. சுரண்டுறது சரியில்லை எண்டு விட்டனான்.”

ஊசியும் ஸ்பிரிற்றும் எடுத்தேன். ஒவ்வொரு பின்னாகக் கழுவி எடுக்க, அவர் என் தோளுக்கு மேலால் டோர்ச் பிடித்தார். அவள் தள்ளி நின்று பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோசத்தை மறைக்க நான் முயலவில்லை. மேல் பொட்டை அப்படியே விட்டேன். ஜம்பரைப் போட்டு, டிஸ்க்கைப் பூட்டி, சுவிச்சைப் போட, இரண்டும் வந்தன. பழைய டிஸ்க் சுழன்று நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் கூட்டி வைத்தோம். அவள் ஏதோ ஒன்றைத் திறந்தாள். வீணையும் பிள்ளைகளின் தாளமும் கூடத்தில் கேட்டன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கண் அந்தச் செத்த பற்றரியில் இருந்தது.

அதையும் கையோடு முடித்தேன். சில்லை அராவி, வட்டப் பற்றரியை ஒட்டி, செற்றிங்குகளை எழுதி, பெட்டியை நிற்பாட்டி, பிளக்கையும் பிடுங்கி, மீண்டும் போட்டேன். ஒன்றையும் மறக்கவில்லை.

“இனி இவர் நெடுக வந்து அலையத் தேவையில்லை,” என்று அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் கோப்பி கொண்டுவந்தாள். எனக்கு முதலில் தந்தாள். பிறகு சொன்னாள், “அண்ணை சொன்னது சரியாப் போச்சுது. ‘என்ரை மனிசி வந்தாவெண்டால் உடனை கண்டுபிடிச்சிடுவா. அவவின்ரை கை இல்லாட்டி நான் எப்பவோ கடையைப் பூட்டியிருப்பன், என்ரை பாதி மூளை அவதான்’ எண்டு முதல் நாளே சொன்னவர். நெடுக உங்கடை கதைதான். கூட்டிக்கொண்டு வாங்கோவன் எண்டு நானும் கேட்டுக்கேட்டுக் களைச்சுப்போனன். தன்னாலை ஏலாமல் போச்சுதெண்டு நீங்கள் நினைப்பீங்களாம். வெக்கமாம்.”

அவர் ஸ்குரூ ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

நான் கோப்பியைக் குடித்து முடித்தேன். நல்ல கோப்பிதான். அவளிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, மோட்டார் சைக்கிளில் ஏறி, பட்டணம் தாண்டும்வரை பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சேட்டும் பவுடரும் இடுக்கியும் எனக்கு இப்போது ஒன்றுமேயில்லை. இத்தனை வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு அவர் ஒரு நாளும் சொல்லாத சொற்களை, அவள் நாளாந்தம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவளை நினைக்க எனக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது.

“அவவிட்டைச் சொன்னதை எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்,” என்று அவருடைய தோளில் தட்டிக் கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. ஒரு ஓட்டோவுக்கு வழி விட்டு, கியரை மாற்றினார்.

“அதுதான் அவவிட்டைச் சொல்லிப்போட்டனே,” என்றார்.