தெரியும், சொல்ல மாட்டேன்

ஸ்ரீரங்கத்தில் வடக்குப் பக்கத் தெரு ஒன்றின் முனையில், புங்க மரத்தடியில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. விலாசம் தேடி வருகிறவர்கள் எந்தத் தெருவிலும் முதலில் கேட்பது தேய்ப்பு வண்டிக்காரனைத்தான். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது துணி வழியாகவே எங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு ஆட்களிடம் பேச வராது. யாராவது கேட்டால் தேய்க்கிற துணியைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டிக் காட்டுவேன். அந்த எழுத்தாளர் அம்மா எங்கள் தெருவுக்குக் குடிவரும் வரை அது போதுமானதாக இருந்தது.

அவர் வேறு மாவட்டத்துக்காரர். அவர் ஊரில் ஒரு சாதியாரின் பிணத்தைப் பொதுப் பாதையில் தூக்கிப்போக விடமாட்டார்களாம். மழையானாலும் சேறானாலும் வயல் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும். அதை அவர் கதையாக எழுதினார். புத்தகத்தை நடுத்தெருவில் போட்டு எரித்தார்கள். மன்னிப்புக் கேட்டு, இனி எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. வீட்டுக்குக் கல் வந்தது. திருச்சியில் புத்தகம் படிக்கிறவர்கள் சிலர் சேர்ந்து அவரை இங்கே அழைத்து வந்து வீடு தேடினார்கள். உறையூரில் சரி என்றவர்கள், யாரென்று தெரிந்ததும் இல்லை என்றார்கள். தில்லைநகரிலும் அதே கதைதான். கடைசியில் எங்கள் தெரு மாமி தன் மாடியைக் கொடுத்தார்.

"நெருப்புகூட வைப்பாங்களாம் மாமி" என்று பூக்கார அக்கா பயமுறுத்தினார்.

"வைக்கட்டுமே. கொள்ளிடத்துல ஜலம் இருக்கற நாளாப் பாத்து வரச் சொல்லு" என்றார் மாமி.

எழுத்தாளர் அம்மா வெளியே வருவதில்லை. அவர் துணியையும் மாமிதான் கொண்டுவந்து தருவார். தெருக்காரர்கள் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யார் வந்து கேட்டாலும் தப்பான விலாசம் சொல்லிவிடுவது.

ஒருநாள் அவர் ஊர் ஆட்கள் காரில் தேடி வந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் எங்கள் டிரைவர்கள் திருவானைக்காவல் என்று சொல்லி அனுப்பினார்கள். பூக்கார அக்கா காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் கை காட்டினார். அங்கெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து மருந்துக் கடையில் கேட்டார்கள். கடைக்காரர் பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "அடுத்த தெரு, நீலக் கேட்டு." அடுத்த தெருவில் நிஜமாகவே ஒரு நீலக் கேட் இருந்தது. அங்கே தனியாக இருக்கும் டியூஷன் டீச்சரின் கதவை உதைத்து, காதில் வாங்கக் கூடாததையெல்லாம் பேசி, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆள் மாறிவிட்டது என்று போனார்கள்.

சாயங்காலம் அம்மா கையில் பெட்டியோடு கீழே இறங்கி வந்தார்.

"எனக்கு வர வேண்டியது இன்னொரு பொம்பளைக்குப் போயிருக்கு. நான் ஊருக்குக் கிளம்பறேன். கேட்ட கையெழுத்தைப் போட்டுடறேன். எழுதினதெல்லாம் போதும்."

மாமி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் டீச்சரே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு..."

"நல்லா இருக்கே! அப்ப நான் திட்டு வாங்கினது வீணா? நீங்க இனிமே எழுதப்போற புத்தகத்துக்கும் சேர்த்து வாங்கியிருக்கேன். உள்ள போய் எழுதுங்க." பிறகு, தலைகுனிந்து நின்ற மருந்துக் கடைக்காரரிடம் திரும்பினார். "சார், உங்க ஷட்டருக்கும் நாளைக்கே நீலம் அடிச்சிடுங்க."

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "காலைல சொல்றேன்" என்று பெட்டியோடு மாடி ஏறினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. நாம் சொல்லும் பொய் இன்னொருவர் வாசலில் போய் விழுகிறது. அதோடு, நாங்கள் என்ன திருட்டுப் பொருளையா ஒளித்து வைத்திருக்கிறோம்? அவர் புத்தகத்தை மாமி எனக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாவதோடு நின்றவன் நான். மத்தியான வேளைகளில் மெதுவாகப் படித்து முடித்தேன். அந்த வரப்பு எனக்குப் புதிதில்லை. என் அப்பாவையும் அப்படித்தான் முழங்கால் சேற்றில் தூக்கிப் போனோம். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி பொய் இல்லை.

மறுநாள் காலையில் கார் மறுபடியும் வந்தது. நேராக என் வண்டியிடம் வந்து நின்றது.

"யோவ், அந்த எழுத்துக்காரி வீடு எது?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த ஆள் முகத்தைப் பார்த்தேன். "தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"அவங்க வீடு எனக்குத் தெரியும்ங்க. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

"பாருடா, தேய்க்கிறவனுக்கு வந்த வாழ்வை! இவனை வீடியோ எடுடா" என்றான் ஒருவன். இன்னொருவன் தேய்த்து வைத்திருந்த மூட்டையைத் தூக்கித் தெருவில் வீசினான். வேட்டி, சேலை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் புழுதியில் சிதறின. அதன்மேல் ஏறி நின்றான். "இப்ப சொல்லு."

"மாட்டேன்."

ஆட்களிடம் பேச வராத எனக்கு வாயில் அதுதான் வந்தது.

ஆட்டோ டிரைவர்கள் வந்து சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். "அண்ணே, செருப்பைக் கொஞ்சம் எடுங்க. நீங்க மிதிக்கிறது ஸ்டேஷன் ஏட்டய்யாவோட யூனிபார்ம்."

செருப்புக்கடியில் காக்கிச் சட்டை. அவன் சூடு பட்டதுபோல் காலைத் தூக்கினான்.

"ஏட்டய்யா வீடு எதுன்னு கேளுங்க. அதைச் சரியாச் சொல்றோம். வீடியோவையும் அவருகிட்டயே காட்டிடலாம்."

பூக்கார அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருந்துக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்தார். "எனக்கும் அந்தம்மா வீடு தெரியும். நானும் சொல்ல மாட்டேன்" என்று, நேற்று பயந்து உளறியதற்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"மறுபடி வருவோம்" என்றபடி காரில் ஏறினார்கள்.

"வாங்க, நாங்க எங்க போகப்போறோம்" என்றார் அக்கா.

குனிந்து துணிகளைப் பொறுக்கினேன். என் பக்கத்தில் இன்னொரு கையும் பொறுக்கியது. அம்மா. மாடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையில் ஊருக்குப் போகிற பெட்டியைக் காணோம்.

"நான் போகலைங்க. அந்தக் கையெழுத்தும் போடப்போறதில்லை" என்றார்.

மாமி வாசல் குழாயைத் திறந்துவிட்டார். துணிகளை அலசிப் பிழிந்து கொடுத்தேன். புங்க மரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் கயிறு கட்டி, பட்டப்பகலில், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, அம்மா ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டார். யாரும் அவரை உள்ளே போகச் சொல்லவில்லை.