மெடிக்கலில் தேறாத ஆடு

வடக்கே பனிமலையில் சண்டை நடந்த வருஷம் எனக்கு எட்டு வயது. அம்மா கார் நிக்கோபார் தீவில் நர்ஸ். அவளுக்கு லீவு கிடைத்தால் கப்பல் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் லீவு இருக்காது. நாங்கள் இருந்தது வேறு தீவில். அங்கே கராச்சர்மா வீட்டில், அப்பா ஆபீஸிலிருந்து வரும்வரை நானும் ஒரு கறுப்பு வெள்ளாடும்தான். பள்ளியில் நடந்ததையெல்லாம் அதனிடம்தான் சொல்வேன். மென்றுகொண்டே கேட்கும்.

ஒருநாள் டிவியில் கோவேறு கழுதைகள் குண்டுப்பெட்டி சுமந்து மலையேறுவதைக் காட்டினார்கள். சித்தப்பா சாப்பிட வந்திருந்தார். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் வேலை அவருக்கு. வாயைத் திறந்தால் பாதி புளுகு.

"மிலிட்டரியில கழுதைக்கும் நம்பர் உண்டு பாப்பா. ரேஷன் உண்டு, லீவு உண்டு. உங்கப்பாவுக்கு வராத ப்ரமோஷன்கூட உண்டு. எந்த ஊருக்குப் போட்டாலும் அதைப் பார்த்துக்கிற ஆளையும் கூடவே அனுப்பிடுவாங்க."

"கார் நிக்கோபாருக்குமா?"

"ஏர்ஃபோர்ஸே அங்கதானே இருக்கு!"

அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஆடு பட்டாளத்தில் சேர்ந்தால் நான் அம்மாவிடம் போய்விடலாம்.

மறுநாளே பயிற்சி. முதுகின் இருபுறமும் தண்ணீர் பாட்டில் கட்டி மேட்டில் ஏற்றினேன். குண்டுச் சத்தம் பழகுவதற்காகக் காதருகே தட்டைத் தட்டினேன். ஆடு அசரவில்லை. பாட்டில் கட்டிய கயிற்றைத் தின்றது. "லெஃப்ட் ரைட்" என்றால் மட்டும் உட்கார்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா மார்க்கெட்டுக்குப் போனதும் ஜெட்டிக்குக் கிளம்பினோம். பஸ் கண்டக்டர், "பக்ரி நஹீ சலேகா, பேட்டி" என்று ஆட்டையும் என்னையும் இறக்கிவிட்டார். பட்டாளத்துக்காரர்கள் நடக்கத்தானே வேண்டும்? நடந்தோம்.

ஜெட்டியில் கார் நிக்கோபார் கப்பல் நின்றது. பக்கத்தில் ஆடுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றின் விலாவிலும் நீல பெயிண்டில் நம்பர்! சித்தப்பா முதல்தடவையாக உண்மை சொல்லியிருந்தார். பெயிண்ட் டப்பாவோடு நின்றவரிடம் "கார் நிக்கோபார்" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் என் ஆட்டின் மேல் முப்பத்தொன்று என்று எழுதி, வரிசையில் கட்டினார்.

"ஔர் மை? அப்ப நான்?" என்று கேட்டேன்.

"தூ கர் ஜா" என்று, வீட்டுக்குப் போகச் சொல்லிச் சிரித்தார்.

ஆளை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் எடுப்பது எந்த ஊர் நியாயம்? கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சத்தம் கேட்டு ஓடிவந்த சித்தப்பா ஆட்டையும் நம்பரையும் என்னையும் பார்த்தார். அந்த ஆளைத் தள்ளி அழைத்துப்போய் என்னவோ பேசினார். திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்தார்.

"மெடிக்கல்ல தேறலம்மா. கால்ல ஏதோ குறையாம்."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். வழியெல்லாம் ஒரு புளுகுகூட விடாமல் எங்களோடு நடந்துவந்தார்.

எனக்கு ஆட்டின் மேல்தான் கோபம். அது ஒழுங்காக நின்றிருந்தால் நான் அம்மா மடியில் இருந்திருப்பேன். நாலு நாள் அதோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், பேச வேறு யாருமில்லாததால் அதனிடமே போனேன்.

தேறிய முப்பது ஆடுகளும் கறிக்கடைக்குப் போயின என்பது புரியப் பல வருஷமாயிற்று. அன்று, அழியாத நீல நம்பரைத் தடவிக்கொண்டு, "அடுத்த தடவையாவது பாஸ் பண்ணிடு" என்று அதனிடம் கெஞ்சினேன்.