பின் சக்கரத்தில் ஒரு சத்தம்

எங்கள் அத்தானுக்குக் காது கேட்காது. இப்போது இதைச் சர்வ சாதாரணமாக எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் பல வருஷங்களாக யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் இது. மரம் அறுக்கும் மில்லில் பெரிய ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்த மனுஷன். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. தனக்குக் கேட்பது போல அவர் நடித்தார், அதை நம்புவது போல நாங்கள் நடித்தோம். எங்கள் வீட்டு டிவியில் செய்தி போட்டால் தெருவுக்கே உலக நடப்பு தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, தன் வீட்டு டிவியை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நடிப்புக்குக் காரணம் இருந்தது. காது கேட்காத ஆளை எந்த முதலாளியும் ரம்பத்தின் பக்கத்தில் நிற்கவிட மாட்டான். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று அக்கா பயந்தாள். அக்கா பயந்தால் நானும் பயப்படுவேன். சின்ன வயசிலிருந்தே எனக்கு அது பழகிவிட்டது. நான் அவளுடைய தம்பி, ஜெராக்ஸ் கடையில் வேலை, அவர்கள் வீட்டு முன்னறையில் படுக்கை. வெளியே நாய் குரைத்தால் எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்க்கிற ரகம்.

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, மில்லை ஊருக்கு வெளியே மாற்றப்போகிறார்கள் என்று சேதி வந்தது. லாரிகள் பறக்கிற பெரிய சாலையில் நெடுந்தூரம் போக வேண்டும். காலை ஷிப்டு நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அத்தானின் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்துப் போய் நாள் முழுக்க நிற்க அவரால் ஆகாது. மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். டாக்டர் முதலில் காதைத்தான் பிடிப்பார்.

அதனால் அத்தான் தன் பழைய சைக்கிளிலேயே எஞ்சின் பொருத்துவது என்று முடிவு செய்தார். சைக்கிளுக்கு எவன் லைசென்ஸ் கேட்பான் என்பது அவர் கட்சி. எஞ்சின் வைத்த பிறகும் அது சைக்கிள்தானா என்று நான் கேட்டேன். அது அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

பழைய இரும்புக் கடையில் புல் வெட்டும் மெஷின் ஒன்றின் எஞ்சின் அகப்பட்டது. பிறந்த குழந்தையைக் கொண்டுவருவது போலத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். சைக்கிளின் நடு முக்கோணத்தில், அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, இரும்புப் பட்டையால் அதை இறுக்கினார். வலது பக்கம் எப்போதும் போல மிதிக்கிற செயின். இடது பக்கம் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு இன்னொரு செயின். அந்த இரண்டாவது செயின் தொய்ந்து ஆடாமலிருக்க, பின் சக்கரத்தின் ஓரமாக ஒரு தகட்டில் சின்ன உருளை ஒன்றை மாட்டினார். தகட்டைச் சைக்கிளோடு பிடித்திருந்தவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். உருளைக்கும் சக்கரத்தின் கம்பிகளுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். அந்தத் தகடு உள்பக்கம் திரும்பினால் உருளை கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும், சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் பறப்பார். இதை அத்தானுக்குக் கையால் நடித்துக் காட்டினேன். போல்ட் எதற்கு இருக்கிறது என்று அவர் பதிலுக்கு நடித்துக் காட்டினார்.

எஞ்சின் சுலபத்தில் மசியவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் குளித்திருந்தது. துடைத்துப் போட்டால் மறுபடியும் குளித்தது. சைக்கிளில் எஞ்சின் சாய்ந்து உட்கார்ந்ததால் கார்புரேட்டரும் சாய்ந்து, பெட்ரோல் அளவு மீறி உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனது. குழாயை வளைத்து அதைச் சாயாமல் நிறுத்தினார். அன்றைக்கு எஞ்சின் இருமியது, கனைத்தது, பிறகு ஓடியது. தெருவில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் புகை. அத்தான் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அக்கா கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லையாம்.

அடுத்த வேலையில்தான் சிக்கல். கார்புரேட்டரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எஞ்சின் சீராக ஓடுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். அதைக் காதால்தான் பிடிக்க முடியும். அத்தான் அக்காவைக் கூப்பிட்டார். குனிந்து வேலை பார்க்கிறவனுக்குச் சத்தம் சரியாகத் தெரியாது, நீ தள்ளி நின்று கேட்டுச் சொல் என்றார். அக்காவும் அதை நம்பியது போலத் தள்ளி நின்றாள். மூச்சு வாங்குகிறது என்றால் கையைத் தாழ்த்துவாள், சரியாக இருந்தால் கட்டை விரலை உயர்த்துவாள். நாலைந்து நாளில் கெட்டிக்காரியாகிவிட்டாள். எஞ்சின் சீராக ஓட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தான் அதைப் பெரிய சாலைக்கு எடுத்துப் போனார். நானும் அக்காவும் தெருமுனையில் நின்று பார்த்தோம். அவருக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. விடாமல் அடித்தது. அவர் நடுச் சாலையில் ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தார். கடைசியில் லாரிக்காரன்தான் ஒடித்துத் திருப்பினான். அந்தக் காற்றில் அத்தானின் சட்டை ஒரு பக்கமாக எழும்பி அடங்கியது. நான் பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் திரும்பி வந்து, வண்டி எப்படி என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார். லாரி வந்ததே அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அக்கா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்கு வந்து அவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டதும், அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று சொன்னாள்.

"என்னங்க, பின் சக்கரத்துகிட்ட டக்கு டக்குனு ஒரு சத்தம் வருது."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

அத்தான் உருளைத் தகட்டைக் கழற்றினார், துடைத்தார், எண்ணெய் விட்டார், மாட்டினார். அக்கா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னும் வருகிறது என்றாள். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் செயின் பக்கம் வந்தது, பிறகு மறுபடியும் தகட்டுக்கே போனது. அந்த இல்லாத சத்தத்தை அவள் அவ்வளவு நுணுக்கமாகச் சொன்னாள், ஒரு தடவை எனக்கே கேட்பது போலிருந்தது. அத்தான் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்வார், அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றுவார், மாட்டுவார். எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. போல்ட்டின் மரை தேய்ந்து பிடிமானம் போகிறது என்று ஒருநாள் தனக்குள் முனகிக்கொண்டார். சமையலறையில் அக்காவைப் பிடித்து, எத்தனை நாளைக்கு இது என்று கேட்டேன். வேலையை விட்டால் பட்டினி, வேலைக்குப் போனால் லாரி, இரண்டில் எதையாவது ஒன்றை நீயே பொறுக்கி எடு என்று என் மேல் பாய்ந்தாள்.

மில் மாறுவதற்கு முந்தின சாயங்காலம். அத்தான் எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை அதன் மேல் வைத்தார். கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு பின் பக்கம் வந்து தகட்டின் மேல் வைத்தார். அதிர்வு பல்லுக்குத் தெரியும் போலிருக்கிறது. வெகு நேரம் அப்படியே இருந்தார். கண்ணைத் திறந்து நேராக அக்காவைப் பார்த்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அவர் ஸ்பேனரை எடுத்து அந்த இரண்டு போல்ட்டுக்கும் ஆளுக்கொரு திருப்பு வேகமாகக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். போல்ட் இறுகியதா, வழுக்கிச் சுற்றியதா என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

விடிந்ததும் சைக்கிளை வெளியே எடுத்தார். எஞ்சின் முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது. கதவோரம் நின்ற அக்காவின் முகம் மாறியது. ஓடிப்போய் ஹேண்டில் பாரைப் பிடித்தாள். நிறுத்துங்கள், பின்னால் சத்தம் வருகிறது என்றாள். அத்தான் அவள் உதட்டைப் படித்தார். சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"நேத்தே பல்லுல வெச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. கைய எடு."

அவள் கையை அவரே விலக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்போதுதான் எனக்கும் கேட்டது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு இரும்பை உரசுகிற சத்தம். டக்கு. டக்கு. டக்கு.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டேய், உனக்குக் கேக்குதா? நிஜமாவே கேக்குதா, எனக்குத்தான் அப்படி இருக்கா?"

"கேக்குதுக்கா."

அவள் ஓடினாள். எங்கள் தெரு பள்ளிக்கூடத்து மதிலைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெரிய சாலையில் சேரும். மதிலுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் மட்டும் போகிற சந்து ஒன்று குறுக்கே போகும். அவள் சந்தில் புகுந்தாள். நான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவழியே துரத்தினேன். "அத்தான், அத்தான்" என்று அடித்தொண்டையில் கத்தினேன். பால்காரர் திரும்பினார், பேப்பர் போடுகிறவர் திரும்பினார், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. எஞ்சினோடு என் கால் போட்டி போட முடியுமா? அவர் சின்னதாகிக்கொண்டே போனார். சத்தம் மட்டும் வேகமாகிக்கொண்டே வந்தது. அந்தப் பெரிய சாலையில், லாரிக்கு முன்னால், சக்கரம் நிற்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். நடக்காததைத்தான் பார்த்தேன், ஆனாலும் பார்த்தேன். எழும்பி நின்று மிதித்தேன்.

தெரு சாலையில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், சந்திலிருந்து அக்கா வெளியே பாய்ந்தாள். காலில் செருப்பில்லை. நடுத்தெருவில் வந்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

அத்தான் பிரேக்கைப் பிடித்தார். வேகம் பாதியாகக் குறைந்த நேரத்தில் தகடு உள்ளே திரும்பியது. பத்துப் பாத்திரம் ஒன்றாக விழுந்த மாதிரி ஒரு சத்தம். கம்பிகள் முறிந்தன, சக்கரம் நின்றது, சைக்கிள் அவரையும் இழுத்துக்கொண்டு அக்காவின் காலடியில் சாய்ந்தது. எஞ்சின் அடங்கியது. அவர்களுக்கு அந்தப் பக்கம், பெரிய சாலையில், ஒரு லாரி வேகம் குறையாமல் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் தரையில் உட்கார்ந்து பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை உரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. அக்கா அவருக்கு எதிரே மண்டிபோட்டு, அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய். இன்னைக்குச் சொன்னது நிஜம்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு எதுவுமே கேக்கறதில்ல. நீ சொல்றதுதான் எனக்குச் சத்தம்."

நடுத்தெருவில், பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் முன்னால், முதல் தடவையாக அவர் அதைச் சொன்னார். அக்கா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு எதற்கு அழுகை என்று யாரும் கேட்கவில்லை.

புதுத் தகட்டை அத்தான் வெல்டிங் வைத்தே ஒட்டிவிட்டார், இனி போல்ட்டுக்கு வேலையில்லை. வேலையையும் விடவில்லை, மில் வரைக்கும் இன்னும் சேதி போகவில்லை. இப்போது அக்கா தினமும் விடிகாலையில் பின் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். பின்னால் லாரி வந்தால் அவர் இடது தோளில் தட்டுவாள், அவர் ஓரம் கட்டுவார். மில் வாசலில் அவரை விட்டுவிட்டு, பஸ் வருகிற வரை அங்கேயே காத்திருந்து திரும்பி வருவாள். சாயங்காலம் பஸ் பிடித்துப் போய் அவரோடு வருவாள். இது ஒரு பிழைப்பா என்று அவளைத் திட்டிப் பார்த்தேன். நீ வேண்டுமானால் போய்த் தட்டு என்றாள்.

முன்பு ஒருவருக்காகப் பயந்தேன். இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன். காலையில் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுக்கிற ஜெராக்ஸ் எல்லாம் கோணலாக விழுகிறது. பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று அக்காவின் போன் வந்த பிறகுதான் காகிதத்தை நேராக வைக்கக் கை வருகிறது.