புரொஜெக்டரிடம் சொன்ன பொய்

இயந்திரத்திடம் சொல்வதும் பொய்தானா? என் மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை எனக்கு.

போன வருடம், என் கணவரின் அலுவலகத்தில் லாம்ப் போன புரொஜெக்டர் ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். சூடாகும் அந்த லாம்புக்குப் பதில் எல்.இ.டி. வைத்துப் படம் காட்டுவதுதான் அப்போது கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு படித்த மகளின் அறிவியல் கண்காட்சி மாடல். அதற்கு முந்தின வருடம் அவள் மாடல் ஓடாமல், வெறும் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதுவும் ஓடலைன்னா நான் ஸ்கூலுக்கே போமாட்டேன்" என்றாள்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். ஆனாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டேனா என்று மூன்று தடவை பார்த்தேன். பழைய கம்ப்யூட்டரின் அலுமினியத் தகட்டில் எல்.இ.டி.யைப் பதித்து, லாம்ப் இருந்த இடத்தில் பொருத்தினோம். வெளிச்சம் வந்தது; படம் வரவில்லை. லாம்ப் இல்லையென்று தெரிந்து புரொஜெக்டர் தானே அணைந்துபோனது.

நெல்லித்தோப்பில் டி.வி. ரிப்பேர் பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

"லாம்ப் எரியுதுன்னு போர்டு கிட்ட ஒரு பொய் சொல்லணும்க்கா" என்று அவர் இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கி டேப் ஒட்டினார். "இப்ப கரண்ட் இல்ல. வூட்டுல போட்டுப் பாருங்க."

மகள் என் புடவையை இழுத்தாள். "பொய் சொன்னா சர்ச்சுல சாமியார் கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு நீதானம்மா சொன்ன?"

"மெஷினுக்கு ஏதுடி பாவம்? சும்மா வா."

"அதுக்கில்லம்மா. நமக்கு!"

வீட்டில் போட்டோம். அப்போதும் வரவில்லை. மறுநாள் கண்காட்சி. எந்த ஒயரை நான் கெடுத்தேனோ என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் மட்டும் லாம்ப் அறைக்குள் எட்டிப் பார்த்து, "இங்க ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு. இதோட மூடி எங்கம்மா?" என்றாள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது தொலைந்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் நான்தான் பத்திரப்படுத்தியிருந்தேன்! கொண்டுவந்து மூடியதும் சுவிட்ச் அழுந்தி 'க்ளிக்' என்றது. ஃபேன் சுழன்றது. சுவர் முழுக்க நீலம்.

கண்காட்சியில் முந்தின வருடத்துச் சார்ட்டைத் திருப்பி ஒட்டி, அதையே திரையாக்கினாள். பள்ளிக் கம்ப்யூட்டரிலிருந்த செம்பருத்தி அதில் பளிச்சென்று விழுந்தது. "காத்து வர்ற எடத்துல கை வச்சுப் பாருங்க சிஸ்டர், சுடாது" என்றாள். வைத்துப் பார்த்த சிஸ்டர், மதரையே கையோடு அழைத்துவந்தார். வரிசை வராண்டாவைத் தாண்டியது. முதல் பரிசு.

வீடு திரும்பும்போது பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சனிக்கிழமை சாமியார் கிட்ட அந்தப் பொய்யையும் சொல்லணுமாம்மா?"

'பார்ப்போம்' என்று அன்று தப்பித்தேன். இப்போதும் கேட்கிறாள். பாவம் என்றால் அவள் வென்றதில் ஒரு கறை. இல்லையென்றால் எந்தப் பொய்யெல்லாம் சொல்லலாம் என்று அடுத்துக் கேட்பாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.